உப்பு டப்பாவை தூக்கிப் போடாதீங்க: தைராய்டு கேன்சரும் அயோடினும், வாசகர் கேள்விகள்

போன இதழ்ல கழுத்துல கட்டி வந்தா என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல முக்கால்வாசி அயோடின் பத்தித்தான். உப்பாலதான் கேன்சர் வந்துச்சா, உப்பை நிறுத்தினா சரியாயிடுமா, மருந்தா குடுக்கிறதும் அயோடின்தான்னு சொல்றாங்களே அது எப்படின்னு ஆளுக்கொரு குழப்பம். நான் அணு மருத்துவத்துல, அதாவது கதிர்வீச்சு உள்ள ரேடியோ அயோடினை மருந்தா குடுக்கிற டிபார்ட்மென்ட்ல வேலை பாக்குறவ, இதே கேள்விகளை தினமும் நேர்லயும் கேக்குறேன். அதனால இந்த இதழ் முழுக்க இது மட்டும்தான்.

டாக்டரம்மா, எங்க அம்மாவுக்கு 52 வயசு. தைராய்டை முழுசா ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க, பாப்பிலரிங்கிற வகை தைராய்டு கேன்சர்னு ரிப்போர்ட். அடுத்து ரேடியோ அயோடின் குடுக்கணும், அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அயோடின் உப்பு சேக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதுல இருந்து பெரியம்மா "பாத்தியா, பாக்கெட் உப்பாலதான் வந்துச்சு, டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாரு"ன்னு சொந்தக்காரங்க எல்லார் வீட்லயும் உப்பை மாத்த வச்சிட்டாங்க. என் அண்ணி அஞ்சு மாச கர்ப்பம், அவங்களும் மாத்திட்டாங்க. பெரியம்மா சொல்றது சரியா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

சரியில்லைம்மா. முதல்ல அண்ணிக்கு போன் போட்டு இன்னைக்கே பழையபடி அயோடின் உப்புக்கு திரும்பச் சொல்லுங்க, மீதியை அப்புறம் வந்து படிங்க. சாதாரணமா பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு 250 வேணும். வயித்துல இருக்கிற பிள்ளையோட மூளை வளர தைராய்டு ஹார்மோன் வேணும், ஆரம்ப மாசங்கள்ல அது முழுக்க அம்மாகிட்ட இருந்துதான் போகணும், அதுக்கப்புறம் பிள்ளையோட தைராய்டு வேலை செய்ய ஆரம்பிச்சாலும் அதுக்கு வேணுங்கிற அயோடினும் அம்மா சாப்பாட்டுல இருந்துதான் வரணும். இந்த நேரத்துல உப்பை மாத்துறது விளையாட்டு இல்ல.

இப்ப உங்க அம்மா விஷயத்துக்கு வரேன். தைராய்டு ஹார்மோன் செய்யறதுக்கு மூலப்பொருளே அயோடின்தான். அந்த ஹார்மோன்ல ரெண்டு வகை, டி4ல நாலு அயோடின் அணு இருக்கு, டி3ல மூணு, பேரே அதை வச்சுத்தான். உடம்புல வேற எந்த உறுப்புக்கும் இந்த அளவுக்கு அயோடின் பசி கிடையாது. ரத்தத்துல போற சொற்ப அயோடினை இழுத்து உள்ள போட்டுக்க தைராய்டு செல்லோட சுவத்துல ஒரு பம்ப் மாதிரி புரதம் இருக்கு. அந்த பம்புக்கு அயோடின்னு மட்டும்தான் தெரியும், அது உப்புல இருந்து வந்ததா, மீன்ல இருந்து வந்ததா, கதிர்வீச்சு இருக்கிறதா இல்லாததான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. வர்ற எல்லாத்தையும் இழுத்துக்கும். நான் இன்னைக்கு எழுதப்போற அத்தனை பதிலும் இந்த ஒரு குணத்துல இருந்துதான் வருது, அதனால இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

பாப்பிலரி கேன்சர் செல்லும் தைராய்டு செல்லுக்குப் பொறந்ததுதான, அதனால அந்த இழுக்கிற பழக்கம் ஓரளவுக்கு அதுகிட்டயும் மிச்சம் இருக்கும். ஆபரேஷன் பண்ணி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாம கழுத்துலயோ நுரையீரல்லயோ கொஞ்சம் செல்லுங்க ஒட்டிக்கிட்டு இருக்கலாம். கதிர்வீச்சு உள்ள அயோடினை, ஐ-131னு பேரு, ஒரு மாத்திரையாவோ தண்ணி மாதிரியோ வாய் வழியா குடுத்தா அந்த செல்லுங்க தேடிப் பிடிச்சு இழுத்துக்கும், அது வெளிவிடுற பீட்டா கதிர் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல போகாது, அதனால பக்கத்துல இருக்கிறதை பெருசா தொடாம இழுத்த செல்லையே அழிக்கும். ஆனா அந்த செல்லு ஏற்கனவே சாப்பாட்டு அயோடின்ல வயிறு நிறைஞ்சு இருந்தா நாங்க குடுக்கிறதை எதுக்கு இழுக்கப் போகுது? அதுக்காகத்தான் ரெண்டு வாரம் அதைப் பட்டினி போடுறோம். உப்பு விஷம்ங்கிறதால நிறுத்தச் சொல்லல, மருந்து உள்ள போக இடம் வேணும்ங்கிறதுக்காக நிறுத்தச் சொல்றோம். சிகிச்சை முடிஞ்சு அவங்க சொன்னதும் அம்மாவும் அயோடின் உப்புக்கே திரும்பிடலாம்.

அயோடின் உப்பால கேன்சர் கூடுதான்னு உலகத்துல நிறைய பாத்திருக்காங்க. சாப்பாட்டுல அயோடின் குறைவா இருக்கிற பகுதிகள்ல பாலிகுலர்னு ஒரு வகையும், அனாபிளாஸ்டிக்னு ரொம்ப மோசமான ஒரு வகையும் அதிக பங்கு இருக்கும். உப்புல அயோடின் சேத்த பிறகு அதுங்களோட பங்கு குறைஞ்சு பாப்பிலரியோட பங்கு கூடுது. பாப்பிலரிதான் எல்லாத்துலயும் நல்லா குணமாகுறது, அனாபிளாஸ்டிக் வந்தா பல பேருக்கு மாசக் கணக்குலதான் ஆயுள். அப்ப அந்த மாற்றம் நமக்கு நல்லதா கெட்டதான்னு பெரியம்மாகிட்ட நீங்களே கேளுங்க.

மேடம், எங்க அப்பா காலத்துல தைராய்டுங்கிற வார்த்தையே வீட்ல கேட்டதில்ல. இப்ப எங்க தெருவுல மட்டும் நாலு பேருக்கு தைராய்டு, ஒருத்தருக்கு கேன்சர். உப்புல அயோடினை கட்டாயமாக்கினதுக்கு அப்புறம்தான இதெல்லாம்? நாங்க இந்துப்புக்கு மாறிட்டோம். வாட்ஸ்அப்ல வர்றது எல்லாமே பொய்யா?
- ஒரு வாசகர், திருச்சி

கேள்வி நியாயமானது தம்பி, கோவிச்சுக்க ஒண்ணுமில்ல. அப்பா காலத்துல தைராய்டுங்கிற வார்த்தைதான் இல்ல, கழுத்துக் கழலைங்கிற வார்த்தை இருந்துச்சு. இமயமலை அடிவாரத்துல காங்க்ரா பள்ளத்தாக்குன்னு ஒரு இடம், இப்ப இமாச்சலப் பிரதேசத்துல இருக்கு. 1956ல டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவர் குழுவும் அங்க போய் பாத்தப்ப பத்துக்கு கிட்டத்தட்ட நாலு பேருக்கு கழலை. மலை மண்ணுல இருந்து அயோடின் மழையில கரைஞ்சு போயிடும், அந்த மண்ணுல விளையுற எதுலயும் அது இருக்காது. அவங்க அந்தப் பள்ளத்தாக்கை மூணு பகுதியா பிரிச்சு ரெண்டு பகுதிக்கு அயோடின் சேத்த உப்பும் ஒரு பகுதிக்கு சாதா உப்பும் குடுத்தாங்க. 1962ல திரும்பிப் பாத்தா அயோடின் உப்பு போன ரெண்டு பகுதியிலயும் கழலை பாதியா குறைஞ்சிருந்துச்சு, சாதா உப்பு பகுதியில அப்படியே இருந்துச்சு, அப்புறம் அவங்களுக்கும் அயோடின் உப்பு குடுத்ததும் அங்கயும் இறங்கிடுச்சு. அந்த 1962லதான் இந்தியாவுல தேசிய கழலை கட்டுப்பாட்டுத் திட்டமும் ஆரம்பிச்சுது. கழலை கூட சின்ன விஷயம், அங்கெல்லாம் காது கேக்காம, பேச்சு வராம, அறிவு வளர்ச்சி இல்லாம பிறந்த பிள்ளைங்க இருந்தாங்களே, அதுக்காகத்தான் இத்தனை பாடு.

கேன்சர் எண்ணிக்கை கூடினது உண்மைதான், அதை நான் மறுக்கல. ஆனா காரணத்துக்கு தென்கொரியாவைப் பாருங்க. 1999ல அங்க அரசாங்கமே கேன்சர் ஸ்கிரீனிங் ஆரம்பிச்சுது, தைராய்டு அந்த லிஸ்ட்ல இல்ல, ஆனா கூட கொஞ்சம் காசு குடுத்தா கழுத்துக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் பண்ணிடுவாங்க, எல்லாரும் பண்ணிக்கிட்டாங்க. 2011ல பாத்தா 1993ல இருந்ததை விட 15 மடங்கு தைராய்டு கேன்சர், ஒரே வருஷத்துல 40,000 பேருக்கு மேல. ஆனா தைராய்டு கேன்சரால இறந்தவங்க எண்ணிக்கை அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். அதாவது ஆயுசு முழுக்க உள்ளயே தூங்கிக்கிட்டு இருந்திருக்கும் சின்னச் சின்ன கட்டிங்களை ஸ்கேன் எழுப்பி விட்டுடுச்சு. 2014ல இதை டாக்டருங்களே வெளிப்படையா பேச ஆரம்பிச்சதும் ஒரே வருஷத்துல ஆபரேஷன் எண்ணிக்கை மடமடன்னு இறங்கிடுச்சு. அங்க யாரும் உப்பை மாத்தல, ஸ்கேனைத்தான் நிறுத்தினாங்க. நம்ம பக்கத்துல கேரளாவுல, அதுலயும் திருவனந்தபுரத்துல, பெண்களுக்கு தைராய்டு கேன்சர் எண்ணிக்கை இந்தியாவுலயே ரொம்ப அதிகமா பதிவாகுது, அங்கயும் ஸ்கேன் வசதி பெருகினது ஒரு முக்கியக் காரணமா பேசப்படுது.

இன்னொண்ணையும் நேர்மையா சொல்லணும். அயோடின் குறைவா இருந்த ஒரு ஊர்ல திடீர்னு அயோடின் கூடினா ஹாஷிமோட்டோ மாதிரி தைராய்டு அழற்சி கொஞ்ச பேருக்கு கூடுறது உண்டு. உங்க தெருவுல நாலு பேருக்கு இருக்கிறது பெரும்பாலும் தைராய்டு குறைவாதான் இருக்கும், அது கேன்சர் இல்ல, கேன்சரா மாறிடும்னு பயப்படவும் வேண்டாம். அயோடின் குறைஞ்சாலும் தொல்லை, அளவுக்கு மீறினாலும் தொல்லை. கெல்ப் மாத்திரை, கடல்பாசி பவுடர், "ஹை டோஸ் அயோடின் சொட்டு"ன்னு ஆன்லைன்ல விக்கிறதை வாங்கிச் சாப்பிடாதீங்கன்னு நான் கத்துறதும் அதனாலதான். சாப்பாட்டு உப்பு அந்த கணக்குலயே வராது. நம்ம வீட்டுக்கு வர்ற உப்புல குறைஞ்சது 15 பிபிஎம் அயோடின் இருக்கணும்னு சட்டம், அதாவது ஒரு கிராம் உப்புக்கு 15 மைக்ரோகிராம், நாள் பூரா பத்து கிராம் உப்பு சாப்பிட்டாக்கூட அந்தக் குறைஞ்ச அளவுக்கு 150தான் வருது.

இந்துப்புல இயற்கையா இருக்கிற அயோடின் சொல்லிக்கிற அளவுக்கு இல்ல. கடல் கல் உப்புலயும் அப்படித்தான், கடல்ல இருந்து வந்ததாலயே அயோடின் இருக்கும்னு நம்மாளுங்க நினைக்கிறாங்க, உப்பளத்துல காயும்போதே அது நிக்கிறதில்ல. தூத்துக்குடியும் வேதாரண்யமும் வச்சிருக்கிற நம்ம மாநிலத்துல, 2018-19ல நாடு முழுக்க எடுத்த அயோடின் சர்வேயில போதுமான அயோடின் உள்ள உப்பு இருந்த வீடுங்க 61.9 சதவீதம்தான், எல்லா மாநிலத்துலயும் நாமதான் கடைசி. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

எங்க வீட்டுக்காரருக்கு அடுத்த மாசம் ரேடியோ அயோடின். "கடல் உணவு, பால், அயோடின் உப்பு வேண்டாம்"னு மூணே வரி எழுதின சீட்டு குடுத்திருக்காங்க. எங்க ஊர்ல மீன் இல்லாத நாளே கிடையாது, அவருக்கு தயிர் இல்லாம சோறு இறங்காது. ரெண்டு வாரம் என்னத்த சமைச்சுப் போடுறது?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம்

இதுக்குத்தான் நான் ரொம்ப நாளா பதில் எழுதணும்னு இருந்தேன், ஏன்னா வெளிநாட்டு டயட் சார்ட்டை மொழிபெயர்த்துக் குடுத்தா நம்ம அடுப்படிக்கு அது உதவாது. இலக்கு என்னன்னா ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்கு கீழ அயோடின் போகணும். சோறு, பருப்பு, காய்கறி, பழம், தேங்காய், புளி, எண்ணெய், சர்க்கரை எதுக்கும் தடையில்ல, அப்ப சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், புளிக்குழம்பு எல்லாமே உண்டு, உப்பு மட்டும்தான் மாறுது. அயோடின் சேக்காததுன்னு பாக்கெட்ல தெளிவா எழுதியிருக்கிற உப்பா பாத்து வாங்குங்க, எந்த உப்புன்னு உங்க அணு மருத்துவ டிபார்ட்மென்ட்லயே கேட்டுக்குங்க, பல இடத்துல அவங்களே சொல்லிடுவாங்க. இந்துப்புன்னு எழுதியிருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் படிங்க, சில கம்பெனி அதுலயும் அயோடின் சேக்குறாங்க.

மாட்டிக்கிற இடமே வேற. இட்லி மாவு ஆட்டும்போதே உப்பு போட்டுக் கரைச்சு வச்சிருப்பீங்க, அது அயோடின் உப்பு, அதனால அவருக்குத் தனியா மாவு. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய் எல்லாம் போன வருஷமே போட்டு வச்சது, எந்த உப்புன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு, ரெண்டு வாரம் வேண்டாம். கடையில வாங்குற சாம்பார் பொடி, மிக்சர், பன், பிரெட், பிஸ்கட், ஹோட்டல் சாப்பாடு வேண்டாம். மீன், இறால், நண்டு, கணவா, அப்புறம் கருவாடு, கருவாட்டுக் குழம்புல காயை மட்டும் எடுத்துச் சாப்பிடுறேன்னு கெஞ்சுவார், அதுவும் வேண்டாம். கோழியும் ஆட்டுக்கறியும் அளவா குடுக்கலாம், முட்டையில வெள்ளைக்கரு மட்டும். பால், தயிர், மோர், பால் காப்பி நிறுத்தணும், கருப்பட்டி போட்டு வரக்காப்பி குடுங்க. ஐஸ்கிரீம், சைனா கிராஸ்னு விக்கிற கடல்பாசி, சிவப்பு செர்ரி வேண்டாம், அந்த செர்ரிக்குப் போடுற சிவப்புச் சாயத்துல அயோடின் இருக்கு. தயிருக்குப் பதிலா என்னன்னா, எங்ககிட்ட வந்த ஒரு அம்மா தேங்காய்ப்பால்ல எலுமிச்சை பிழிஞ்சு இஞ்சி கறிவேப்பிலை தாளிச்சு சோத்துல பிசைஞ்சு குடுத்தாங்களாம், அவங்க வீட்டுக்காரர் ரெண்டு வாரமும் அதைத்தான் சாப்பிட்டாரு.

சாப்பாட்டைத் தாண்டி மருந்து வழியா வர்ற அயோடின் இன்னும் பெருசு. புண்ணுக்குப் போடுற பெட்டடைன், தொண்டைக்கு கொப்பளிக்கிற அதே மருந்து, சில மல்டிவிட்டமின், இருமல் டானிக்ல சிலது, இதயத் துடிப்புக்குக் குடுக்கிற அமியோடரோன், இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, இதய மாத்திரையை நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. எல்லாத்தையும் விட முக்கியம், ஊசி போட்டு எடுக்கிற சிடி ஸ்கேன். அந்த கான்ட்ராஸ்ட் மருந்தே அயோடின்தான், ஒரு தடவை உள்ள போனா ஒண்ணு ரெண்டு மாசம், சில சமயம் அதுக்கும் மேல தைராய்டு செல்லு நிறைஞ்சே கிடக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு பதினாலு நாள் பத்தியம் இருந்து, மாத்திரையை நிறுத்தி முகமெல்லாம் வீங்கி எங்ககிட்ட வந்தா, வந்த பிறகுதான் தெரியுது மூணு வாரத்துக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல வயித்து வலிக்கு கான்ட்ராஸ்ட் சிடி எடுத்திருக்காங்கன்னு. ரேடியோ அயோடின் குடுக்கப் போறாங்கன்னு அவ சொல்லியிருக்கா, கேட்டவங்க கவனிக்கல. திருப்பி அனுப்பினோம், எல்லாம் முதல்ல இருந்து. அவ அழுததை இன்னும் மறக்க முடியல, அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

ஆங், அந்த மாத்திரை நிறுத்துறது. பல பேருக்கு, எடுத்த தைராய்டுக்கு பதிலா போடுற தைராக்சின் ஹார்மோன் மாத்திரையை மூணு நாலு வாரம் நிறுத்தி, தைராய்டைத் தூண்டுற டிஎஸ்எச்ங்கிற ஹார்மோனை 30க்கு மேல ஏத்துவாங்க, டிஎஸ்எச் ஏறினாத்தான் அந்த பம்ப் முழு வேகத்துல இழுக்கும். அந்த நாட்கள்ல அவர் சோர்ந்து போவார், குளிரும், மலச்சிக்கல் வரும், எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவார், அது அவர் இல்ல, ஹார்மோன் இல்லாத உடம்பு. வண்டி ஓட்ட விடாதீங்க. மாத்திரையை நிறுத்தாமலே டிஎஸ்எச் ஏத்துற ஊசி இருக்கு, விலைதான் அதிகம், இதய நோய் உள்ளவங்களுக்கும் வயசானவங்களுக்கும் அதைக் கேட்டுப் பாக்கலாம்.

கூடங்குளம் பக்கத்துல இருக்கோம். அணு உலையில ஏதாவது ஆனா தைராய்டு கேன்சர் வராம இருக்க அயோடின் மாத்திரை இருக்காமே, இப்பவே பிள்ளைங்களுக்கு வாங்கிக் குடுக்கலாமா? ரஷ்யா பக்கம் செர்னோபில்ல கேன்சர் குடுத்த அதே அயோடினைத்தான் நீங்க மருந்தா குடுக்கறீங்கன்னு என் மக படிச்சிட்டு வந்து சொல்றா, அதுவும் உண்மையா?
- ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

உங்க மக சொன்னது உண்மைதான், அதே ஐ-131. 1986 ஏப்ரல் 26ம் தேதி செர்னோபில் உலை வெடிச்சுது, அன்னைக்கு சோவியத் யூனியன், இன்னைக்கு உக்ரைன். காத்துல பரவின ரேடியோ அயோடின் புல்லுல விழுந்துச்சு, பசு மேஞ்சுது, பால்ல வந்துச்சு, பிள்ளைங்க குடிச்சுதுங்க. பிள்ளைங்க தைராய்டு சின்னது, பால் குடிக்கிறது அதிகம், அதனால பெரியவங்களை விட பல மடங்கு கதிர்வீச்சு அந்தக் குட்டி சுரப்பியில சேந்துச்சு. போதாக்குறைக்கு அந்தப் பகுதி மண்ணுல ஏற்கனவே அயோடின் குறைவு, பசியோட இருந்த தைராய்டு வந்ததை எல்லாம் வாரிப் போட்டுக்கிச்சு. நாலஞ்சு வருஷத்துல பெலாரஸ், உக்ரைன் பிள்ளைங்களுக்கு வரிசையா தைராய்டு கேன்சர். அப்ப 18 வயசுக்கு கீழ இருந்தவங்கள்ல 2015 வரைக்கும் 19,000க்கு மேல பதிவாச்சு, அதுல நாலுல ஒரு பங்கு நேரடியா அந்தக் கதிர்வீச்சாலன்னு ஐ.நா. விஞ்ஞானிகள் குழு கணக்கு சொல்லுது. நல்ல வேளையா பெரும்பாலானவங்க சிகிச்சையில பிழைச்சிட்டாங்க.

பக்கத்து நாடு போலந்து என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. வெடிச்ச மூணாவது நாளே, ஏப்ரல் 29லயே பொட்டாசியம் அயோடைடு கரைசலை பள்ளிக்கூடம், மருந்தகம்னு எல்லா இடத்துலயும் வச்சு ஒரு கோடி பிள்ளைங்களுக்கு மேல குடிக்க வச்சாங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு பசும்பாலை நிறுத்தி பவுடர் பால் குடுத்தாங்க. நல்ல அயோடின் முதல்லயே நிறைஞ்சிட்டா கெட்டது உள்ள வர இடமில்ல, முன்னாடி சொன்ன அதே கதைதான்.

ஆனா இப்பவே வாங்கிக் குடுக்காதீங்க. அந்த மாத்திரை ஒரு நாளுக்குத்தான் காக்கும், கதிர்வீச்சு வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியோ வந்த ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ளயோ போட்டாத்தான் முழுப் பலன். ஒரு பெரியவங்க மாத்திரையில 130 மில்லிகிராம், நம்ம தினசரித் தேவையை விட நூத்துக்கணக்கான மடங்கு, சும்மா குடுத்தா பிள்ளைங்க தைராய்டே கெட்டுப் போகும். ரேடியோ அயோடினுக்கு மட்டும்தான் அது, சீசியம் மாதிரி மத்த கதிர்வீச்சுப் பொருளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்ல. உலையைச் சுத்தி இருக்கிற ஊர்களுக்கான அவசரத் திட்டத்துல இந்த மாத்திரையும் உண்டு, அறிவிச்சா மட்டும் போடணும், சுகாதார நிலையத்துல எங்க வச்சிருக்காங்க யார் குடுப்பாங்கன்னு இப்பவே கேட்டுத் தெரிஞ்சு வச்சுக்கிறது உங்க உரிமை, போய்க் கேளுங்க.

அதே பொருள் எப்படி மருந்தாச்சுன்னா, 1936ல பாஸ்டன்ல சால் ஹெர்ட்ஸ்னு ஒரு இளம் டாக்டர் ஒரு கூட்டத்துல எழுந்து, அயோடினை செயற்கையா கதிர்வீச்சு உள்ளதா ஆக்க முடியுமான்னு கேட்டார். 1938ல லிவிங்குட், சீபோர்க்னு ரெண்டு பேர் ஐ-131ஐ கண்டுபிடிச்சாங்க. 1941ல ஹெர்ட்ஸ் தைராய்டு அதிகமா சுரக்கிற நோயாளிக்கு முதல் முறையா ரேடியோ அயோடின் குடுத்தார். 1946ல சைட்லின்னு ஒரு டாக்டர், உடம்பெல்லாம் பரவின தைராய்டு கேன்சரே இதுக்கு அடங்குறதை எழுதினார். அளவுதான் வித்தியாசம். கொஞ்சமா பட்டா செல்லு சாகாம காயத்தோட உயிர் வாழும், அந்தக் காயம்பட்ட செல்லுதான் பின்னாடி கேன்சர் ஆகும், வளர்ற பிள்ளைங்களுக்கு அந்த ஆபத்து ரொம்ப அதிகம். நாங்க குடுக்கிற அளவுக்கு இழுத்த செல்லு பிழைக்காது. திரும்பத் திரும்ப பெரிய டோஸ் எடுத்தா வேற கேன்சருக்கு சின்ன ஆபத்து இருக்கு, அதை மறைக்கல, அதனாலதான் தேவையில்லாதவங்களுக்கு குடுக்கக்கூடாதுன்னு அடுத்த பதில்ல சொல்லப் போறேன்.

எனக்கு 8 மில்லிமீட்டர் பாப்பிலரி கேன்சர், 38 வயசு. ஒரு பக்கம் மட்டும் எடுத்துட்டு "ரேடியோ அயோடின் வேண்டாம்"னு அனுப்பிட்டாங்க. என் கூட இருந்தவங்களுக்கெல்லாம் குடுத்தாங்க. என்னை கவனிக்காம விட்டுட்டாங்களோன்னு ராத்திரி எல்லாம் இதே யோசனை.
- ஒரு வாசகி, கோவை

உங்களை நல்லா கவனிச்சிருக்காங்கம்மா, நிம்மதியா தூங்குங்க. ஒரு சென்டிமீட்டருக்கு உள்ள, நிணநீர்க் கட்டிக்கு பரவாத பாப்பிலரிக்கு ரேடியோ அயோடினால லாபம் இல்ல. பிரான்ஸ்ல எஸ்டிமாபிள்-2னு ஒரு ஆய்வு, 2022ல வெளியாச்சு, தைராய்டு முழுசா எடுத்த குறைஞ்ச ஆபத்து உள்ளவங்கள்ல பாதிப் பேருக்கு 30 மில்லிகியூரி (கதிர்வீச்சை அளக்கிற அலகு) ரேடியோ அயோடின் குடுத்து பாதிப் பேருக்கு எதுவும் குடுக்காம மூணு வருஷம் பாத்தாங்க, ரெண்டு பக்கமும் ஒரே பலன். ஜப்பான்ல கோபே நகரத்துல குமா ஆஸ்பத்திரியில 1993ல இருந்தே உங்களுது மாதிரி சின்ன கட்டியை ஆபரேஷன்கூட பண்ணாம ஸ்கேன்ல பாத்துக்கிட்டே இருக்காங்க, பெரும்பாலானவங்களுக்கு அது வளர்றதே இல்ல. உங்க கூட இருந்தவங்க கட்டி பெருசா இருந்திருக்கும், வெளிய பரவியிருக்கும், ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தருக்குப் பொருந்தாது. டாக்டர் சொன்ன தேதியில கழுத்து ஸ்கேனும் டிஎஸ்எச்-சும் மட்டும் தவறாம பாருங்க.

என் தம்பிக்கு மெடுல்லரி வகைன்னு சொல்றாங்க. இதுக்கு ரேடியோ அயோடின் வேலை செய்யாதாமே, ஏன்?
- ஒரு வாசகர், மதுரை

மெடுல்லரி, தைராய்டுக்குள்ள இருக்கிற சி-செல்லுங்கிற வேற இனத்துல இருந்து வருது. அதுக்கு கால்சிடோனின்ங்கிற ஹார்மோனை செய்யறதுதான் வேலை, அயோடினை இழுக்கிற பம்ப் அதுகிட்ட கிடையாது. அதனால நல்ல முழுமையான ஆபரேஷன்தான் முதல் சிகிச்சை. நீங்க கட்டாயம் கேக்க வேண்டியது ரெட் (RET) ஜீன் டெஸ்ட். நாலுல ஒருத்தருக்கு இது பரம்பரையா வருது, தம்பிக்கு அந்த ஜீன்ல மாற்றம் இருந்தா உங்களுக்கும் அவர் பிள்ளைங்களுக்கும் ரத்தத்துல பாத்துடணும், இருந்தா வர்றதுக்கு முன்னாடியே தைராய்டை எடுத்துக் காப்பாத்த முடியும். தள்ளிப் போடாதீங்க.

என் மனைவிக்கு ரேடியோ அயோடின் குடுத்து மூணு நாள் வார்டுல வச்சிருப்பாங்களாம். எங்களுக்கு நாலு வயசுல ஒரு பையன், அம்மா இல்லாம தூங்க மாட்டான். வீடு ரெண்டே ரூம். வந்த பிறகு எப்படி இருக்கணும்?
- ஒரு வாசகர், சேலம்

இந்தக் கேள்வி கேட்டதுக்கே உங்களுக்கு நன்றி, பல பேர் வார்டுல இருந்து கிளம்புற அன்னைக்குத்தான் யோசிக்கிறாங்க. குடிச்ச அயோடின்ல பெரும்பகுதி முதல் ரெண்டு நாள்ல சிறுநீர்லயே போயிடும், அதுக்குத்தான் வார்டு. மீட்டர் வச்சு அளந்து அளவுக்குள்ள வந்த பிறகுதான் அனுப்புவாங்க. மிச்சம் இருக்கிறது எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதியாகும். தூரம்தான் பெரிய காவல், ஒரு மீட்டர்ல இருந்து ரெண்டு மீட்டருக்குப் போனாலே கதிர் கால்வாசி ஆயிடும். அதனால நீங்க தனிப் படுக்கை போட்டுக்கிட்டா போதும், பையன் விஷயம்தான் கூடுதல் கவனம், சின்னப் பிள்ளைங்களையும் கர்ப்பிணிகளையும் எத்தனை நாள் தள்ளி வைக்கணும்னு டோஸைப் பொறுத்து எழுதிக் குடுப்பாங்க, ஒரு வாரத்துல இருந்து மூணு வாரம் வரைக்கும் ஆகலாம். பாட்டி வீடு இருந்தா பையனை அங்க விட்டுடுங்க. அம்மாவைப் பாத்துட்டு தூக்குன்னு கை நீட்டுற பிள்ளையைத் தூக்காம நிக்கிறது மாத்திரையை விடக் கஷ்டம்னு எத்தனையோ பேர் எங்ககிட்ட அழுதிருக்காங்க, வீடியோ கால்ல பேசட்டும், இப்பவே அவன்கிட்ட சொல்லிப் பழக்குங்க.

நிறைய தண்ணி குடிக்கணும், டாய்லெட்ல ரெண்டு தடவை தண்ணி விடணும், தட்டு, டம்ளர், துண்டு தனியா, துணி தனியா துவைக்கணும். உமிழ்நீர்ச் சுரப்பியும் கொஞ்சம் அயோடினை இழுக்கும், அதனால கன்னம் வீங்கலாம், நாக்கு ருசி கொஞ்ச நாளுக்கு மாறலாம். உமிழ்நீர் சுரக்க புளிப்பு மிட்டாய் எப்ப இருந்து சப்பலாம்னு வார்டுலயே கேளுங்க. முடி கொட்டாது, கீமோ மாதிரி இல்ல. பால் குடுக்கிறவங்களா இருந்தா ஆறு வாரம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும், இந்தப் பிள்ளைக்கு திரும்பக் குடுக்கக்கூடாது. அடுத்த குழந்தைக்கு குறைஞ்சது ஆறு மாசம், டாக்டர் ஒரு வருஷம்னா ஒரு வருஷம். தைராக்சினை திரும்ப ஆரம்பிச்சதும் வெறும் வயித்துல, காப்பிக்கு அரை மணிக்கு மேல முன்னாடி, கால்சியம் மாத்திரைக்கும் அதுக்கும் நாலு மணி நேர இடைவெளி. ஒரு வாரத்துல கூப்பிட்டு உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன் எடுப்பாங்க, குடுத்த அயோடின் எங்கெங்க போய் உக்காந்திருக்குன்னு அதுல தெரியும், மறக்காம கூட்டிட்டுப் போங்க. மூணு மாசத்துக்குள்ள அவங்க விமானத்துல எங்கயாவது போறதா இருந்தா டிஸ்சார்ஜ் லெட்டரை கைப்பையிலயே வச்சுக்கச் சொல்லுங்க, சில ஏர்போர்ட்ல கதிர்வீச்சு டிடெக்டர் சத்தம் போடும், லெட்டரைக் காட்டினா விட்டுடுவாங்க.